நாள்பட்ட சோர்வு நோய்க்குக் கஞ்சா எண்ணெய்: எவ்வளவு எடுக்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 38. 4 வருடங்களாக நாள்பட்ட சோர்வு நோய். கொஞ்சம் அதிகமாக வேலை செய்துவிட்டால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். உடல்வலி உண்டு, தூக்கமும் சரியில்லை. எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்கிறது. இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். நான் வசிக்கும் நாட்டில் டாக்டர் சீட்டுடன் மருத்துவக் கஞ்சா எண்ணெய் வாங்கலாம். எனக்கு எத்தனை மில்லிகிராம் சரி?

பதில்: இந்த நோய்க்கென்று நிர்ணயித்த அளவு எதுவும் கிடையாது. கஞ்சா சோர்வைக் குறைக்கும் என்பதற்கு நம்பகமான சான்றும் இல்லை. சொல்லப்போனால் சோர்வும் தூக்கக் கலக்கமும் அதன் பக்கவிளைவுகள். வலிக்கும் தூக்கத்துக்கும் சிலருக்கு ஓரளவு உதவுகிறது. அதனால் அந்த இரண்டில் எதற்காக எடுக்கிறீர்கள் என்று முதலில் உங்கள் டாக்டருடன் பேசி முடிவு செய்யுங்கள்.

நாள்பட்ட வலிக்காகப் பல நாட்டு நிபுணர்கள் 2021இல் ஒரு வழிமுறை வெளியிட்டார்கள். கஞ்சாவில் உள்ள, போதை தராத சி.பி.டி. என்ற பொருளைக் காலை 5, இரவு 5 மில்லிகிராம் என்று தொடங்கி, தேவைப்பட்டால் நாளுக்கு 40 வரை போகலாம். அதற்கும் வலி அடங்காவிட்டால் கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.ஹெச்.சி.யை 2.5 மில்லிகிராம் சேர்க்கலாம். மருந்து எளிதில் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது 1 மில்லிகிராம்தான். இது நிபுணர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு, இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வந்ததல்ல. உங்கள் நோய் உள்ளவர்களில் பலருக்குச் சாதாரண மாத்திரைகூடக் குறைந்த அளவிலேயே தூக்கலாக வேலை செய்யும். ஆகவே நானாக இருந்தால் சி.பி.டி.யோடு நிறுத்திப் பார்ப்பேன். டி.ஹெச்.சி. வேண்டியே இருந்தால் இரவில் 1 மில்லிகிராம்.

எத்தனை சொட்டு என்று எண்ணாதீர்கள். ஒரு மில்லிலிட்டர் எண்ணெயில் சி.பி.டி.யும் டி.ஹெச்.சி.யும் எத்தனை மில்லிகிராம் இருக்கின்றன என்று புட்டியில் பாருங்கள், பிராண்டுக்குப் பிராண்டு மாறும். விழுங்கிய மருந்து வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ‘ஒன்றுமே தெரியவில்லையே’ என்று இன்னொரு தடவை எடுப்பதுதான் ஆபத்து.

உங்கள் படபடப்புதான் எனக்குக் கவலை. டி.ஹெச்.சி. இதயத் துடிப்பைக் கூட்டும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கும். அமிட்ரிப்டிலினும் இதையே செய்யக்கூடியது. போதாததற்கு, சி.பி.டி. ஈரலில் மருந்துகள் சிதையும் வேகத்தைக் குறைப்பதால் அமிட்ரிப்டிலின் ரத்தத்தில் கூடிவிடலாம். தொடங்கும் முன் படுத்த நிலையிலும், பிறகு 10 நிமிடம் நின்ற நிலையிலும் உங்கள் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் டாக்டர் அளந்து பார்க்கட்டும். இதய நோய், கர்ப்பம், உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ மனச்சிதைவு போன்ற நோய் இருந்தால் டி.ஹெச்.சி. வேண்டவே வேண்டாம். எடுத்துக்கொண்டால் வண்டி ஓட்டாதீர்கள்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று உண்டு. வலி குறைந்த நாளில் உடம்பு தேறிவிட்டது போலத் தோன்றும், விட்டுப்போன வேலையையெல்லாம் ஒரே மூச்சில் செய்யத் தோன்றும். வலி போனதே தவிர உங்கள் உடம்பின் தெம்பு கூடவில்லை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் விழுவீர்கள், பழி மருந்தின் மேல் போகும். எனவே முதல் 4 வாரம், எவ்வளவு நன்றாக இருந்தாலும், இப்போது செய்யும் அளவுக்கு மேல் ஒரு வேலையும் வேண்டாம். வலி, தூக்கம், படுக்கையில் விழுந்த நாட்கள் மூன்றையும் தினமும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

அப்புறம், 4 வாரத்தில் அந்த நோட்டில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். டி.ஹெச்.சி. எடுத்திருந்தால் சட்டென்று விடாமல் படிப்படியாகக் குறையுங்கள். விட்ட பிறகு சில நாள் தூக்கம் கெடும், கனவுகள் அதிகம் வரும். நோய் முற்றிவிட்டதோ என்று அதற்குப் பயப்பட வேண்டாம்.