யானைப் பலியை ஸ்டாக்ஃபிஷ் ஏன் இவ்வளவு தாமதமாகப் பார்க்கிறது?

யானையைப் பலி கொடுத்து வெள்ளை வெல்லும் உங்கள் சதுரங்க நிலையில், ஸ்டாக்ஃபிஷ் (நகர்த்தல்களை ஆராயும் சதுரங்க எஞ்சின்) சிப்பாய்களின் மதிப்பைத் தப்பாகப் போட்டதால்தான் தாமதமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, மதிப்பை அது தப்பாகப் போடவில்லை. யானையைக் கொடுக்கும் அந்த நகர்த்தலை முதலில் அது ஆழமாகத் தேடவே இல்லை. 22ஆம் ஆழம் (எத்தனை நகர்த்தல் முன்னே தேடுகிறது என்ற அளவு) வரை வெள்ளைக்குச் சாதகம் +0.6, 31இல் திடீரென்று +5 என்று நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அதனால்தான்.

யானை போனபின் வருவது டி7, அதாவது சிப்பாயை டி7 கட்டத்துக்கு நகர்த்தும் சத்தமில்லாத தள்ளல். வெட்டும் இல்லை, செக்கும் இல்லை. இப்படிப்பட்டதை எஞ்சின் வரிசையில் பின்னுக்குத் தள்ளி, ஆழத்தையும் குறைத்துத்தான் பார்க்கும். நடுவில் கறுப்பு நாலு செக் வைத்தால், சிப்பாய் ராணியாவது இன்னும் தூரம் போய்விடும்.

சரி, இப்படிச் சோதியுங்கள்:

1. யானைப் பலியையும் டி7ஐயும் நீங்களே பலகையில் போட்டு ஒரு நிமிடம் ஓடவிடுங்கள்.
2. +5 வந்ததும் ஒவ்வொரு நகர்த்தலாகப் பின்னால் வாருங்கள். ஹேஷில் (எஞ்சின் தேடியதைச் சேமித்து வைக்கும் நினைவகம்) அது தங்கியிருந்தால் தொடக்க நிலையிலும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

ஹேஷ் மாற்றாமல் விட்டால் வெறும் 16 எம்பிதான், 1024 வையுங்கள். (மதுரை மே மாத வெயிலில் என் பழைய லேப்டாப் அதற்கே மாவு கிரைண்டர் மாதிரி இரைகிறது.)

ஒன்று மட்டும்: இந்த எண்ணை நண்பர் யாராவது பழைய எஞ்சினில் பார்த்த எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் +1 என்றால் வெல்ல 50% வாய்ப்பு என்று பொருள், ஒரு சிப்பாய் கூடுதல் என்றல்ல.