பழைய செட்டிங்ஸ் வந்தது, பாஸ்வேர்டு மட்டும் வரவில்லை

கேள்வி: செகண்ட் லைஃப் என்ற ஆன்லைன் மெய்நிகர் உலகத்துக்குள் நுழைய ஃபயர்ஸ்டார்ம் வியூவர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். புதிய விண்டோஸ் கணினி வாங்கி, பழைய செட்டிங்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தேன். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. என் மூன்று அவதார்களின் லாகின் மட்டும் இல்லை. புதிதாக டைப் செய்து சேமித்தாலும் அடுத்த முறை காணோம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து இன்ஸ்டால் செய்யலாமா?

பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள். உங்கள் இன்வென்ட்டரியும் (அங்கே சேர்த்து வைத்த பொருட்கள்) லிண்டன் டாலரும் (அங்கே புழங்கும் பணம்) சர்வரில் பத்திரமாக இருக்கும். ஆனால் சாட் பதிவுகள், நீங்களாக இடம் மாற்றியிருந்தால் தவிர, அந்த செட்டிங்ஸ் ஃபோல்டருக்குள்தான் உள்ளன. பாஸ்வேர்டைத் தேடிப் போய், பல வருட நண்பர்களோடு பேசியதை இழந்துவிடக் கூடாது.

வியூவர் பாஸ்வேர்டுகளை ஒரு ஃபைலில் மறைகுறியாக்கி வைக்கிறது. அதைப் பூட்டும் சாவி, அந்தந்தக் கணினியின் தனி அடையாளத்திலிருந்து உருவாகிறது. ஃபைலை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் சாவி பொருந்தாது. யாராவது உங்கள் ஃபைலைத் திருடினாலும் அவர்கள் கணினியில் எளிதில் திறக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு, அது நல்லதுதான். இப்படி ஆகும்போது, நெட்வொர்க் அமைப்பு மாறியிருக்கலாம் என்று வியூவர் ஒரு செய்தி காட்டுவதுண்டு. அதைப் பார்த்து ரவுட்டரை நோண்ட வேண்டாம்.

உங்களுக்குப் புதிதாகவும் சேமிக்க முடியாததற்கு, காப்பியாகி வந்த அந்தப் பழைய ஃபைலே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். வியூவரை முழுதாக மூடுங்கள். விண்டோஸ் கீயோடு ஆர் கீயை அழுத்தி, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே 'ஆப்டேட்டா' என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஃபயர்ஸ்டார்ம் ஃபோல்டருக்குள் 'யூசர்_செட்டிங்ஸ்', அதற்குள் 'பின்_கான்ஃப்' (bin_conf) என்ற ஃபைல் இருக்கும். கடைசியில் வரும் '.dat' என்ற பின்னொட்டை விண்டோஸ் பெரும்பாலும் மறைத்துவிடும், குழம்ப வேண்டாம். அதை டெலீட் செய்யாமல், பெயரோடு 'பழையது' என்று சேர்த்து ரீநேம் செய்யுங்கள். இனி வியூவரைத் திறந்து, பாஸ்வேர்டை நினைவில் வைக்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்து லாகின் ஆகுங்கள். புதிய ஃபைல் தானாக உருவாகும். உருவாகவில்லையா? அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாமல் இருக்கலாம், அல்லது ஆன்டிவைரஸ் தடுக்கலாம்.

பெயர் இடத்தில் யூசர்நேமைத்தான் தர வேண்டும். தலைக்கு மேல் தெரியும் டிஸ்ப்ளே நேம் உதவாது. கிரிட் (எந்த சர்வர் உலகத்துக்குள் நுழைகிறோம் என்பது) தேர்வு தெரிந்தால், அது பிரதான கிரிட்டான அக்னியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சோதனை கிரிட்டான அதிதி தேர்வாகியிருந்தால், அக்னிக்காகச் சேமித்த லாகின்கள் அங்கே வராது.

பாஸ்வேர்டே நினைவில் இல்லை என்றால், பழைய கணினி இன்னும் ஓடுகிறதா? அதில் லாகின் ஆகலாம், ஆனால் சேமித்த பாஸ்வேர்டை எழுத்தாகப் படிக்க முடியாது. செகண்ட் லைஃப் தளத்தில், பதிவு செய்த மின்னஞ்சல் வழியாக மாற்றிக்கொள்வதே வழி. மூன்று கணக்குகளுக்கும் அந்த மின்னஞ்சல் இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தால், புதிய கணினி அதற்கான சரிபார்ப்பு எண்ணையும் கேட்கும். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.