நாற்பது பக்கம் போயும் நாயகி வரவில்லையே?

கேள்வி: ஊட்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஆந்த்ரே பிரெத்தோனின் ‘நாத்ஜா’ ஆங்கிலத்தில் கிடைத்தது. நாற்பது பக்கம் போயும் நாத்ஜா வரவில்லை. நடுநடுவே தெரு, கடை என்று போட்டோ வேறு. என் ஆங்கிலம்தான் போதவில்லையா? கனவையும் அடிமனதையும் எழுத்தாக்கிய இந்தப் பிரெஞ்சு சர்ரியலிஸ்டுகளை எங்கே தொடங்குவது?
— ஒரு வாசகி, குன்னூர்

பதில்: ஆங்கிலத்தின் மேல் பழி போடாதீர்கள். 1928-இல் அதைப் பிரெஞ்சில் வாங்கியவரையும் பிரெத்தோன் இப்படித்தான் காக்க வைத்தார். நாவல்களில் வரும் வர்ணனை என்றாலே அவருக்கு ஆகாது, 1924-இல் எழுதிய சர்ரியலிச அறிக்கையிலேயே அதைக் கிண்டல் செய்திருப்பார், அதனால்தான் வர்ணிக்க வேண்டிய இடத்தில் போட்டோவை ஒட்டிவிட்டார். உங்கள் ஊர் பெட்போர்டிலிருந்து மார்க்கெட் வரை வேலை எதுவும் இல்லாமல் சும்மா இறங்கி நடப்பீர்களே, அப்படிப் படியுங்கள். எனக்கு உறுத்துவது வேறு: நாத்ஜா நிஜமாக வாழ்ந்த பெண். அவளை மனநல விடுதியில் அடைத்த பிறகு, அந்த விடுதிகளைக் காய்ச்சி எடுத்து எழுதிய மனிதர் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

சரி, தொடங்க ரேமோன் கெனோ. பிரெத்தோனின் சர்ரியலிஸ்ட் கூட்டத்தில் இருந்து முறைத்துக்கொண்டு வெளியே வந்தவர். 1947-இல் வந்த இவருடைய ‘எக்சர்சைசஸ் இன் ஸ்டைல்’ புத்தகத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது: பஸ்ஸில் நீளக் கழுத்துக்காரன் ஒருவன் பக்கத்து ஆளோடு இடிபட்டுச் சண்டை போடுகிறான், இடம் காலியானதும் போய் உட்கார்ந்துகொள்கிறான், அப்புறம் ரயில் நிலையம் பக்கம் கோட்டுப் பொத்தானைப் பற்றி நண்பனிடம் அறிவுரை கேட்டுக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான். இதையே தந்தியாக, கனவாக, குறுக்கு விசாரணையாக 99 விதமாகச் சொல்கிறார். 1958-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பார்பரா ரைட், பாரிஸ் கொச்சைப் பேச்சு வந்த இடத்தில் லண்டன் கொச்சையான காக்னியை வைத்தார். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் காலை மிதித்த தகராறை நீங்களும் நாலு விதமாக எழுதிப் பாருங்களேன்.

அடுத்து ழோர்ழ் பெரெக். இவர் சர்ரியலிஸ்ட் இல்லை, கெனோ மாதிரி மொழியோடு விளையாடியவர். பிரெஞ்சில் அதிகம் புழங்கும் ‘e’ என்ற எழுத்தே இல்லாமல் 1969-இல் ஒரு முழு நாவல் எழுதினார். கில்பர்ட் அடேர் ஆங்கிலத்திலும் அந்த எழுத்தைத் தொடாமல் ‘எ வாய்ட்’ என்று கொண்டுவந்தார். தமிழில் ‘க’ வரிசையை விட்டுவிட்டு ஒரு பக்கம் எழுதினால் இதன் கஷ்டம் புரியும். ‘கள்’ போச்சு, ‘கிறேன்’ போச்சு, ‘எனக்கு உனக்கு’ எல்லாம் போச்சு. குன்னூர், கோத்தகிரி, உதகை, ஏன் நீலகிரியே போச்சு. ஊட்டி மட்டும் தப்பிக்கும்.