பூப்பாத்திக்கு மலிவான, அழகான கரை எது?

செலவு குறைவாக, பார்க்கவும் அழகாகப் பூப்பாத்திக்கு எதைக் கொண்டு கரை கட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் சொல்வேன்: பழைய செங்கல். இடித்த கட்டடத்துக் கல்லே போதும். அதன் மங்கிய சிவப்பில் இலைப்பச்சை எடுப்பாகத் தெரியும்.

முதலில் தண்ணீர்க் குழாயைத் தரையில் வளைத்துப் போட்டுக் கோட்டை முடிவு செய்யுங்கள். அந்தக் கோட்டில் 5 அங்குலப் பள்ளம் வெட்டி, 1 அங்குலம் மணல் பரப்பி, கற்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நடுங்கள். ரம்பப்பல் வரிசை அமையும். பாதிக் கல்லாவது மண்ணுக்குள் இருக்கட்டும்; மேலோட்டமாக நட்டால் மழையில் சரிந்துவிடும். சிமென்ட் வேண்டாம், பிறகு பாத்தியை அகலப்படுத்த முடியாது.

மெல்லிய பிளாஸ்டிக் பட்டை வெயிலில் வெடிக்கும், சாதாரண மரம் மண்ணில் மக்கும். கையில் காசே இல்லையென்றால் மண்வெட்டியால் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிவிடுங்கள். புல் ஏற ஏற மறுபடி வெட்டினால் அதுவும் அழகுதான்.