பெட்டியில் வளர்க்கும் பாம்பின் விஷப்பையை வெட்டி எடுக்கலாமா? கேள்வி பதில்

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் மிருக வைத்தியராக இருக்கிறேன். வீடுகளுக்குள் வரும் பாம்புகளைப் பிடித்து அப்புறப்படுத்தும் வேலையும் கூடவே நடக்கிறது. விஷப்பை எடுத்த நாகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "இதை இங்கே செய்து தருவீர்களா" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட எல்லோரும் பார்க்க இங்கே சொல்வது நல்லது. கேளுங்கள்.

டொக்டர், நான் புதுக்குடியிருப்பு. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பாம்பு பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆசை. நாகத்தின் விஷப்பையை எடுத்துவிட்டால் ஆபத்து இல்லாமல் காட்டலாம்தானே?

தம்பி, உங்கள் நோக்கம் நல்லது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விஷப்பை என்பது கண்ணுக்குப் பின்னால், மேல்தாடையின் இரண்டு பக்கமும் இருக்கும் சுரப்பி. நமக்கு எச்சில் சுரப்பி எப்படியோ அதே வழியில் உருவானதுதான். அதைச் சுற்றித் தசை இருக்கிறது, பாம்பு கடிக்கும்போது அந்தத் தசை அமுக்க, விஷம் ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பல்லுக்கு வருகிறது. சிலர் சுரப்பியை முழுதாக வெட்டி எடுக்கிறார்கள், சிலர் குழாயை மட்டும் கட்டி அறுக்கிறார்கள். தலையின் வடிவம் மாறித் தெரியக்கூடாது என்று உள்ளே சிலிக்கோன் துண்டு வைத்துத் தைப்பவர்களும் இருக்கிறார்கள். வாங்குகிறவர் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும்.

இதில் எனக்கு இரண்டு கவலை. முதலாவது பாம்பின் பாடு. ஒழுங்கான மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாயில் குழாய் வைத்து, பிறகு நாட்கணக்கில் வலிக்கும், கிருமித் தொற்றுக்கும் மருந்து கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது, ஆனால் பெரும்பாலும் வைத்தியர் அல்லாதவர்கள் வீட்டு மேசையில், பாம்பைக் குளிர்சாதனப் பெட்டியில் போட்டு விறைக்கவைத்துச் செய்கிறார்கள். குளிர் பாம்பை அசையவிடாமல் வைக்கும், வலியைப் போக்காது. பாம்பு கத்தாது என்பதால் அதற்கு நோகவில்லை என்று நினைக்கிறோம்.

இரண்டாவது நீங்கள் காட்டப்போகும் பிள்ளைகளின் பாடு. கட்டிய குழாய் திரும்பத் திறந்துகொள்ளலாம். சுரப்பியில் ஒரு சிறு துண்டு மிஞ்சினாலும் அது திரும்ப விஷம் சுரக்கலாம். வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அது கடித்த பிறகுதான் தெரியவரும், அந்த நேரத்தில் "இது வெட்டின பாம்புதானே" என்று வைத்தியசாலைக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள், அதுதான் என்னை மிகவும் பயப்படுத்துவது. ஒன்றும் திரும்ப வளரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் அந்தப் பிள்ளை கண்டது என்ன? ஒரு அண்ணன் நாகத்தைக் கையால் தூக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதம் காலபோக நெல்வயல் வரம்பில் அதே உருவத்தைக் காணும்போது எது நினைவுக்கு வரும்?

படம் காட்டுங்கள், கழற்றிய சட்டையைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடி விரியன் என்ற புடையனுக்கும் மலைப்பாம்பான வெங்கிணாந்தியின் குட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை வரைந்து காட்டுங்கள். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு கையில் எடுத்துக் கடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க உயிருள்ள நாகம் தேவையில்லை.

பல்லை மட்டும் பிடுங்கிவிட்டால்? பாம்பாட்டிகள் அப்படித்தானே செய்கிறார்கள்?

பிடுங்கிய விஷப்பல்லுக்குப் பின்னாலேயே அடுத்த பல் வரிசையாகக் காத்திருக்கிறது, சில வாரங்களில் அந்த இடத்துக்கு வந்துவிடும். அதற்குள் வாய்ப்புண் பிடித்து, தாடை வீங்கி, பாம்பு இரை எடுக்காமல் கிடக்கும். வாயைத் தைத்துவிடுகிற கொடுமையும் உண்டு. அந்தப் பாம்பு பட்டினியாலும் தாகத்தாலும் சாகிறது, செத்தால் இன்னொன்றைப் பிடிக்கிறார்கள். பிடுங்குவதும் வெட்டுவதும் ஒரே எண்ணத்தில் வருகிற வேலைதான், கத்தி மட்டும் கூர்மையாகியிருக்கிறது.

பாம்பாட்டிகளை மட்டும் குற்றவாளிகளாக்கிக் கதைப்பதையும் நான் ஏற்பதில்லை. தலைமுறை தலைமுறையாக வேறு வழி இல்லாமல் விடப்பட்ட மக்கள் அவர்கள். கையில் காசும் கமெராவும் உள்ளவர் பொழுதுபோக்குக்காகச் செய்வதை அதோடு ஒன்றாக வைக்க முடியாது.

நான் மாங்குளத்தில் மாடு வளர்க்கிறேன். மாட்டுக்குக் குறி சுடுகிறோம், நலம் அடிக்கிறோம் (விதை நீக்குகிறோம்), கொம்பு தீய்க்கிறோம். தெருநாய்க்கு நீங்களே கருத்தடை செய்கிறீர்கள். பாம்புக்கு மட்டும் ஏன் இந்த நியாயம்?

அண்ணை, நல்ல கேள்வி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். தெருநாய்க்குக் கருத்தடை செய்வதால் றோட்டில் பட்டினியில் சாகும் குட்டிகள் குறைகின்றன, தடுப்பூசியோடு சேர்த்துச் செய்தால் விசர்நாய்க் கடியும் குறைகிறது, அந்த நாய்க்கும் நன்மை, ஊருக்கும் நன்மை. விஷப்பை எடுப்பதில் பாம்புக்கு என்ன கிடைக்கிறது? ஒன்றுமில்லை. ஊருக்கு என்ன கிடைக்கிறது? அதுவும் இல்லை. பாம்பை வைத்திருக்கும் ஆளுக்குத் தொட்டுப் பார்க்கும் ஆசை தீருகிறது, அவ்வளவுதான்.

மாட்டு விஷயத்தில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். மரப்பு ஊசி இல்லாமல் நலம் அடிப்பதும், பெரிய மாட்டின் கொம்பை வெட்டுவதும், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் விலாவெல்லாம் எழுத்துப் போடுவதும் வலிதான், நெடுங்காலமாகச் செய்கிறோம் என்பதற்காக அது சரியாகாது. காது இலக்கத் தகடு இருக்கிறது, கொம்பு முளைவிடும் வயதில் மரப்பு ஊசி போட்டுச் செய்யலாம், என்னிடம் வாருங்கள், செய்து தருகிறேன். ஆனால் மாடு பல ஆயிரம் ஆண்டுகளாக எங்கள் பட்டியில் வாழ்கிறது, அதன் பாலும் உழைப்பும் எடுக்கிறோம், தீனியும் காவலும் கொடுக்கிறோம். நாகத்துக்கு எங்களிடம் ஒரு தேவையும் இல்லை. வெட்டினால்தான் வீட்டில் வைத்திருக்க முடியும் என்றால் அதை வைத்திருக்காமல் விட்டுவிடலாம் என்ற எளிய வழி இருக்கும்போது கத்தியை எடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

விஷம் இல்லாவிட்டால் பாம்புக்கு இரை செமிக்காது, அதனால் மெல்ல மெல்லச் செத்துவிடும் என்று படித்தேன். உண்மையா? (வவுனியா, பல்கலைக்கழக மாணவி)

தங்கச்சி, இதைப் பலர் பெரிய வாதமாகச் சொல்கிறார்கள், ஆனால் பலமான வாதம் அல்ல. விஷத்தில் புரதத்தை உடைக்கும் நொதியங்கள் இருப்பது உண்மை. அமெரிக்காவில் கிலுகிலுப்பை விரியன்களில் செய்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, விஷம் ஏற்றிய எலியை அவை வேகமாகவோ சிறப்பாகவோ செமிக்கவில்லை என்று காட்டியது. செத்த எலியைப் போட்டு வளர்த்தால் விஷப்பை இல்லாத பாம்பு வருடக்கணக்கில் உயிரோடு இருக்கவும் கூடும். எதிர்ப்பதற்காக உறுதியில்லாத ஒன்றைச் சொன்னால், அது பொய்த்த அன்றைக்கு மற்ற எல்லாவற்றையும் கேட்க மாட்டார்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. விரியன் எலியைக் கொத்திவிட்டு விட்டுவிடும், ஓடி விழுந்த எலியை வாசம் பிடித்துப் போய் எடுக்கும், அந்த வேட்டை முழுவதும் விஷத்தை நம்பியது. விஷப்பை எடுத்த பாம்பு தப்பியோ கைவிடப்பட்டோ காட்டுக்குள் போனால் இரை பிடிக்க வழியில்லாமல் கிடக்கும். ஆகவே அந்த ஒரு வெட்டோடு அது சாகும்வரை பெட்டிக்குள்தான்.

லண்டனில் இருக்கிறேன். கூட்டாளி ஒருவர் "ஏற்கெனவே வெட்டினது, நான் வெட்டவில்லை" என்று சொல்லி ஒரு நாகம் வாங்கப் பார்க்கிறார். அது பிழையா?

உங்கள் நாட்டில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வைத்தியத் தேவை இல்லாமல் மிருகத்தின் உடலை வெட்டிச் சிதைப்பதைத் தடை செய்கிறது. நாகம் வைத்திருக்க 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு மிருகங்கள் சட்டத்தின்படி அனுமதியும் வேண்டும். சட்டத்தை விட்டாலும், அவர் கொடுக்கும் காசுதான் அடுத்த பாம்பை மேசையில் படுக்கவைக்கிறது. வெட்டினதுதானே என்று வாங்குகிறவர் இருக்கும்வரை வெட்டுகிறவர் இருப்பார்.

டொக்டர், 2011இல் மீளக் குடியேறி, பற்றைக் காணியைத் துப்புரவாக்கும்போது என் தம்பியைப் புடையன் கடித்துச் செத்தான். மனுசர் சாகும் இடத்தில் பாம்பின் வலியைப் பற்றிக் கதைக்கிறீர்கள். கேட்கவே கோபம் வருகிறது.

அக்கா, உங்கள் கோபம் நியாயமானது. தம்பியின் இழப்புக்கு நான் சொல்லக்கூடிய ஆறுதல் எதுவும் இல்லை. 2012, 2013 காலத்தில் இலங்கை முழுவதும் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பின்படி வருடத்துக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, ஏறத்தாழ 30,000 பேருக்கு விஷம் ஏறுகிறது, 400 பேரளவில் சாகிறார்கள். கூடுதலாகக் கடிபடுவது வயலிலும் காட்டிலும் வேலை செய்யும் எங்கள் சனம்தான். இதைத் தெரிந்துகொண்டுதான் பாம்பின் வலியையும் பேசுகிறேன், ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை.

பெட்டிக்குள் இருக்கும் நாலு பாம்பின் விஷப்பையை எடுப்பதால் வரம்பில் கிடக்கும் ஒரு புடையனின் விஷமும் குறையாது. உயிர் காப்பது வேறு: அறுவடை நேரம் முழங்கால் வரை பூட்ஸ் (சேற்றில் இழுக்கும் என்பது தெரியும், அறுப்புக் காய்ந்த வயலில்தான், போடலாம்), இரவில் டோர்ச், நிலத்தில் படுத்தால் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிய நுளம்புவலை, ஏனென்றால் கட்டுவிரியன் நித்திரையில்தான் கடிக்கிறது, பலருக்குக் கடிபட்டதே தெரிவதில்லை. கடித்தால் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம், கையைக் காலை அசையாமல் வைத்து 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்து வைத்தியசாலைக்குப் போங்கள். மந்திரித்துப் பார்வை பார்ப்பதெல்லாம் திரும்பி வந்த பிறகு செய்யலாம்.

விஷமுறி ஊசிக்காகப் பாம்பிலிருந்து விஷம் எடுக்கிறார்களே, அதுவும் கொடுமைதானே?

பாம்புக்கு அது சுகமானதல்ல, ஆனால் வித்தியாசம் பெரியது. இங்கே வைத்தியசாலைகளில் போடும் ஊசி இந்தியாவிலிருந்து வருகிறது. அங்கே சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. பாம்பைப் பிடித்து, மண்பானையில் சில வாரங்கள் வைத்து, வாரம் ஒருமுறையளவில் விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். சுரப்பி திரும்ப நிரம்பும். பாம்பு பாம்பாகவே திரும்பிப் போகிறது, அந்த விஷத்தால் மனிதர் பிழைக்கிறார்கள். அங்கும் குறை இருக்கலாம், திருத்த வேண்டியது இருக்கும், ஆனால் ஒரு உயிரைச் சிரமப்படுத்துவதற்குக் காரணம் கேட்டால் அவர்களால் சொல்ல முடிகிறது.

எங்கள் வீட்டில் நாகதம்பிரானை வைத்துக் கும்பிடுகிறோம். விஷம் எடுத்த நாகம் ஒன்றை வைத்துப் பால் கொடுத்து வளர்த்தால் புண்ணியம்தானே?

அம்மா, புதூர், புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில்களுக்குப் போய்க் கும்பிடுகிற ஊர் இது. நாகதம்பிரான் வாசலுக்கு வந்தால் மஞ்சள் தண்ணீர் தெளித்து "போ அப்பனே" என்று வழிவிடுகிற பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். வழிவிடுவதுதான் எங்கள் மரியாதை. பிடித்து அடைத்து, தலையை வெட்டித் தைத்து அதற்குக் கும்பிடு போடுவது எந்தப் பெரியவர் சொன்னது? பால் பாம்பின் உணவும் அல்ல, தாகத்தில் குடிப்பதைத்தான் விரும்பிக் குடிக்கிறது என்று நினைக்கிறோம்.

விஷப்பையில் கட்டி வந்தால்?

எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். அது நோய்க்கு வைத்தியம். அதற்குப் பிறகும் அதை விஷப்பாம்பாகவே கையாள வேண்டும், கொக்கியும் பூட்டுப் போட்ட பெட்டியும் இல்லாமல் திறக்கக்கூடாது.

ஐயா, பெயர் வேண்டாம். என்னிடமே ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒருவரிடம் காசுக்கு வாங்கினேன், விஷப்பை எடுத்தது என்றார். இப்போது வாயின் ஒரு பக்கம் வீங்கி, சாப்பிடாமல் கிடக்கிறது. இரவில் காட்டில் விட்டுவிடவா?

விடாதீர்கள். அந்த நிலையில் காட்டில் விட்டால் பட்டினியில் சாகும், போகிற வழியில் யாரையாவது கடிக்கவும் கூடும். விஷம் முழுதாக இருக்கிறது என்றே நினைத்து நடவுங்கள். வாயைத் திறந்து பார்க்க வேண்டாம், மஞ்சள் பூச வேண்டாம், ஊட்ட வேண்டாம். காற்றோட்டம் உள்ள பெட்டியில் பூட்டி, நிழலான அமைதியான இடத்தில், பிள்ளைகள் வராத அறையில் வையுங்கள், கவிழாத ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஏற்கெனவே வைத்திருந்தால் போதும், இப்போது வைப்பதற்காகக் கையை உள்ளே விடாதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அடித்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சட்டத்துக்குப் பயப்படுகிறீர்கள் என்று விளங்குகிறது, மிருகவதைச் சட்டம் 1907இலிருந்து இருக்கிறது, வனஜீவராசிச் சட்டமும் இருக்கிறது, ஆனால் தானாக முன்வந்து ஒப்படைப்பதுதான் உங்களுக்கும் நல்லது. தனியாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால் எனக்குத் தனிச் செய்தி போடுங்கள், அவர்கள் வரும்போது நானும் வருகிறேன், வாயைப் பார்த்து மருந்து தொடங்கலாம். இன்றைக்கே செய்யுங்கள், வீக்கம் கண்பக்கம் ஏறினால் காப்பாற்றுவது கஷ்டம்.