கடவுச்சொல்லில் உள்ள @ தான் சிக்கல்

வணக்கம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கான இணைப்புச் சரத்தை (சர்வர், பயனர், கடவுச்சொல் எல்லாம் சேர்ந்த ஒரே வரியை) சரியாகக் கொடுத்தும் "சர்வர் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று பிழை வருவதாகவும், கடவுச்சொல் 77@45#9 என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிழைச் செய்தியை இன்னொரு முறை பாருங்கள். அதில் சர்வர் பெயர் 45#9 என்று தொடங்குகிறது. அது உங்கள் கடவுச்சொல்லின் வால்!

நீங்கள் பயன்படுத்தும் யூஆர்எல் வடிவத்தில் (இணைய முகவரி போல postgresql:// என்று தொடங்குவது) கடவுச்சொல் முடிந்து சர்வர் பெயர் தொடங்கும் இடத்தைக் காட்டுவது @ குறிதான். உங்கள் கடவுச்சொல்லிலேயே ஒரு @ இருப்பதால், சரம் அங்கேயே வெட்டுப்படுகிறது. எனவே @ வரும் இடத்தில் %40, # வரும் இடத்தில் %23 என்று மாற்றுங்கள். அதாவது 77%4045%239. பார்க்க விசித்திரமாக இருந்தாலும் இதுதான் சரி. அசல் கடவுச்சொல்லிலேயே % இருந்தால் அதையும் %25 ஆக்க வேண்டும். சர்வர், போர்ட் 5432, டேட்டாபேஸ் பெயர் எல்லாம் நீங்கள் எழுதியபடியே இருக்கட்டும்.

இந்த மாற்றம் யூஆர்எல் வடிவத்துக்கு மட்டும்தான். சர்வர், பயனர், கடவுச்சொல் ஒவ்வொன்றையும் சமக்குறி போட்டுத் தனித்தனியாக எழுதும் வடிவத்தில் அசல் கடவுச்சொல்லையே கொடுங்கள். அங்கே %40 என்று எழுதினால் அதையே கடவுச்சொல்லாக எடுத்துக்கொள்ளும், உள்ளே விடாது. நடுவில் இடைவெளி இருந்தால் ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள்.

அப்புறம், கடவுச்சொல்லை இங்கே எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டீர்கள். முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள். புதியதை எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்து நீளமாக அமைத்தால் இந்தத் தொல்லையே வராது.