கைராசிக்கு அப்பால்: மறைந்த மருத்துவர்களை எழுதி வைப்பது பற்றி வாசகர் கேள்வி – பதில்

செட்டிநாட்டு ஊர் மருத்துவர்களுக்கு நினைவு மலர் போடுவது, படத்திறப்பு நடத்துவது, வீட்டில் கிடக்கும் காகிதங்களைக் காப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: எங்கள் ஐயா (அப்பச்சியின் அப்பச்சி, அதாவது அப்பாவின் அப்பா) எல்.எம்.பி. டாக்டர். 1930-களிலிருந்து இந்தப் பக்கம் வைத்தியம் பார்த்தார். அவர் மறைந்து ஐம்பது வருஷம் ஆவதால் மலர் போட நினைக்கிறோம். கையில் இருப்பது ஒரு போட்டோவும் பெயர்ப்பலகையும்தான். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், பள்ளத்தூர்

பெயர்ப்பலகையிலேயே தொடங்குங்கள். பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள்தான் முதல் துப்பு. எல்.எம்.பி. என்பது பல்கலைக்கழகப் பட்டம் அல்ல, மருத்துவப் பள்ளியில் படித்துப் பெற்ற டிப்ளமோ. சென்னை ராயபுரத்தில் இருந்த அப்படியொரு பள்ளிதான் 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. பெண் மருத்துவர் என்றால் வேலூரையும் பாருங்கள். அங்கே 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது, எம்.பி.பி.எஸ். 1942-இல்தான் வந்தது. பலகையில் எல்.எம். அண்ட் எஸ்., எம்.பி. அண்ட் சி.எம். என்று இருந்தால் அது பல்கலைக்கழகம் தந்தது. எல்.ஐ.எம். என்று இருந்தால் அவர் 1925-இல் சென்னையில் தொடங்கிய அரசு இந்திய மருத்துவப் பள்ளியில் படித்தவர். சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றில் எது என்று தனியே விசாரிக்க வேண்டும்.

ஐயாவின் எல்.எம்.பி.யை எம்.பி.பி.எஸ். என்று உயர்த்தி அச்சிட்டுவிடாதீர்கள். பாசத்தில் பல மலர்களில் இது நடக்கிறது. அந்தக் காலத்துக் கிராம வைத்தியத்தைத் தாங்கியவர்களே இந்த டிப்ளமோ டாக்டர்கள்தான். சர் ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு 1946-இல் கொடுத்த அறிக்கையின்படி, பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர்கள் சுமார் 47,500 பேர். அவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் டிப்ளமோக்காரர்கள். அந்த மூன்றெழுத்தைப் பெருமையாகவே போடுங்கள்.

அடுத்தது பதிவு எண். மெட்ராஸ் மருத்துவப் பதிவுச் சட்டம் 1914-இல் வந்தது. அதன் பிறகு அலோபதி மருத்துவர்களின் பெயர், தகுதி, முகவரி எல்லாம் மாகாண மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் ஏறின. அதன் வாரிசு இன்றைய தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். பெயர், படித்த பள்ளி, உத்தேச ஆண்டு மூன்றையும் குறித்து எழுத்து மூலம் கேளுங்கள். பழைய அரசிதழ்களைப் பார்க்க எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும்.

தேடும்போது பலரும் வழுக்கி விழுவது இனிஷியலில். நம் பக்கத்தில் விலாசம் என்று சொல்லும் இனிஷியல் தமிழில் ஒரு மாதிரியும் ஆங்கிலத்தில் வேறு மாதிரியும் இருக்கும். அழ. என்பது ஏ.எல்., பழ. என்பது பி.எல்., சுப. என்பது எஸ்.பி., ராம. என்பது ஆர்.எம்., சித. என்பது சி.டி. பதிவேடு ஆங்கிலத்தில் இருப்பதால் ‘ராம.’வை வெறும் ஆர். என்று தேடினால் கிடைக்காது. சுவீகாரம் (தத்து) போனவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். படிக்கும்போது பிறந்த வீட்டு இனிஷியல், பலகையில் சுவீகார வீட்டு இனிஷியல் என்று இருப்பது சாதாரணம். இரண்டிலும் தேடுங்கள்.

அடுத்து, மாவட்டம். பள்ளத்தூர், கானாடுகாத்தான், காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் 1985-இல்தான் சிவகங்கை மாவட்டத்துக்குள் வந்தன. அதற்கு முன் ராமநாதபுரம். 1910-க்கும் முன் என்றால் மதுரை. கோனாபட்டு, ராயவரம், விராச்சிலை ஆகிய ஊர்களோ 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், பிறகு 1974 வரை திருச்சி மாவட்டம். ராயவரத்து டாக்டரை ராமநாதபுரம் கட்டுகளில் தேடினால் கிடைக்க மாட்டார்.

வீட்டு ஏடுகளில் தேதி தமிழ் வருஷத்தில்தான் இருக்கும். ‘விக்கிரம வருஷம்’ என்றால் 1880-ஆகவும் இருக்கலாம், 1940-ஆகவும் இருக்கலாம், 2000-ஆகவும் இருக்கலாம். வாழ்க்கைக் குறிப்போடு ஒட்டி வைத்து முடிவு செய்யுங்கள். விக்கிரம வருஷம் சித்திரை 1940-இல் வரும். அதே வருஷத்துப் பங்குனி 1941-இல் வரும். தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் ஒன்று கூட்டிக்கொள்ள மறந்தால் இறந்த ஆண்டே தப்பிவிடும்.

அச்சில் வந்தவற்றுக்கு, காரைக்குடியிலிருந்து வெளியான ‘ஊழியன்’, ‘குமரன்’ போன்ற பழைய இதழ்களைப் புரட்டலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. புத்தகங்களோடு அழைப்பிதழ், துண்டறிக்கை, கடிதங்களும் அங்கே உண்டு.

காகிதத்துக்குப் பிறகு மனிதர்கள். ‘ஐயா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமானவர், கைராசிக்காரர்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காலையில் எத்தனை மணிக்குக் கதவு திறப்பார், பீஸ் காசா நெல்லா, ராத்திரி பிரசவத்துக்குக் கூப்பிட்டால் எதில் போவார், ஊசியையும் கத்தியையும் எதில் கொதிக்க வைப்பார், எந்தக் கேஸை மதுரைக்கு அனுப்பினார் என்று கேளுங்கள். குடும்பத்தாரை விட, மருந்து கலக்கிக் கொடுத்த கம்பவுண்டருக்கும் அவர் வீட்டாருக்கும்தான் இதெல்லாம் தெரியும். அவர்களை முதலில் பாருங்கள், வயது காத்திருக்காது.

கேள்வி: மாமனார் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் எழுதிய மருந்துக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் 3 போல ஒரு குறி வருகிறது. அதை எப்படிப் படிப்பது?
– வாசகி, தேவகோட்டை

அந்தக் குறி எண் அல்ல. அது டிராம் என்ற அளவு. அதே குறியின் தலையில் இன்னொரு சுழி இருந்தால் அவுன்ஸ். அளவு எண்கள் குறிக்குப் பின்னால் சிறிய ரோமன் எழுத்தில் வரும். கடைசி ஐ மட்டும் ஜே போல வால் நீட்டி இருக்கும். பின்னால் யாரும் ஒரு கோடு சேர்த்து அளவைக் கூட்டிவிடக் கூடாது என்பதற்கான வழக்கம் அது. மருந்துக் கடைக் கணக்கில் 60 கிரெயின் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். திரவத்தில் 60 மினிம் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ். அது சுமார் 28 மில்லி. டி.டி.எஸ். என்றால் நாளுக்கு மூன்று வேளை. ‘மிஸ்ட்’ என்று தொடங்கினால் மிக்ஸ்சர்.

காலி மிக்ஸ்சர் பாட்டில் கிடைத்தால் பக்கவாட்டைப் பாருங்கள். நீளமான ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். காகிதத்தை மடித்து ஓரத்தைக் கத்தரியால் கொத்தி விரித்தால் சம இடைவெளியில் பல் பல்லாக வரும். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்துச் சரியாகக் குடித்தார். அந்தப் பட்டை இருக்கும் பாட்டிலைக் கழுவாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்துப் படம் எடுத்துவிடுங்கள், மலரில் ஒரு பக்கம் கொடுக்கலாம்.

மருந்து மிச்சமிருக்கும் பாட்டில் என்றால் திறக்கவே வேண்டாம். அந்தக் காலத்து டானிக்குகளில் விஷப் பொருள்கள் உண்டு. ஈஸ்டன் சிரப்பில் ஸ்ட்ரிக்னின் இருந்தது, ஃபவுலர் கரைசலில் ஆர்சனிக் இருந்தது. குறிப்பேட்டைப் பார்த்து வீட்டில் கலக்கிப் பார்ப்பதும் கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டு டாக்டர் காலத்தில் நோயாளிகள் பெயர் எழுதிய பதிவேடுகள் மேல்மாடியில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. மலரில் சில பக்கங்களைப் போடலாமா?
– வாசகர், புதுவயல்

பெயர் தெரிகிற ஒரு பக்கத்தையும் போடாதீர்கள். நோயாளியின் ரகசியம் டாக்டர் காலமானதும் முடிந்துவிடுவதில்லை. நம் ஊர்களில் பெயர் தெரியாவிட்டாலும் வீட்டு விலாசத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். காசநோய், தொழுநோய், கருச்சிதைவு என்று எழுதியிருந்தால் மூன்று தலைமுறை தாண்டியும் ஒரு குடும்பத்தை அது புண்படுத்தும்.

அதற்காக எரித்துவிடவும் வேண்டாம். ஒரு ஆண்டின் பதிவேட்டை எடுத்து, மாதவாரியாக எத்தனை பேர் வந்தார்கள், என்ன நோய், எந்த ஊர் என்று மட்டும் எண்ணி அட்டவணை போடுங்கள். எந்த மாதத்தில் பேதி கூடியது, எத்தனை மைல் தொலைவிலிருந்து ஆள் வந்தார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். ஒருவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைக்கு இதை விடச் சரியான சான்று கிடைப்பது கடினம்.

கேள்வி: ‘1936-இல் பென்சிலின் ஊசி போட்டு ஒரு பிள்ளையைக் காப்பாற்றினார்’ என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்படியே எழுதலாமா?
– வாசகர், கோட்டையூர்

ஆண்டை மாற்றாமல் எழுத முடியாது. பென்சிலின் 1928-இல் கண்டுபிடிக்கப்பட்டாலும் மருந்தாகப் பெருமளவில் தயாரானது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். ஊர் டாக்டர் கைக்கு அது வந்தது போருக்குப் பிறகுதான். நினைவில் சம்பவம் பெரும்பாலும் சரியாக இருக்கும்; ஆண்டும் மருந்துப் பெயரும்தான் இடம் மாறும். எந்த மருந்து எப்போது வந்தது என்று தெரிந்தால் கதையைச் சரியான இடத்தில் வைத்துவிடலாம். சல்பா மாத்திரைகள் 1930-களின் பிற்பகுதி. டைபாய்டுக்குக் குளோரோமைசெட்டின் 1940-களின் கடைசி. அதற்கு முன் டைபாய்டுக்குக் கஞ்சி, ஓய்வு, இரவு பகல் கண்காணிப்பு, அவ்வளவுதான். மலேரியாவுக்கு மட்டும் குயினைன் முன்பே இருந்தது.

மருந்தே இல்லாத நோய்களில் அவர் என்ன செய்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். நரம்புச் சிலந்தியை (கினிப் புழு நோயை) எடுத்துக்கொள்ளுங்கள். ஊருணியில் காலை நனைத்துத் தண்ணீர் மொண்ட காலத்தில் பரவிய நோய் அது. கொப்புளம் உடைந்து புழுவின் நுனி வெளியே வந்ததும், சின்னக் குச்சியில் சுற்றி ஒரு நாளைக்கு ஓரங்குலம் அளவில் இழுத்துக் கட்டுவார்கள். அவசரப்பட்டால் புழு உள்ளே அறுந்து, சீழ் பிடித்துக் கால் வீங்கிவிடும். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல் கண்டறியப்பட்டார், 2000-இல் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. ‘ஆயிரக்கணக்கானோருக்கு உயிர் கொடுத்தார்’ என்ற வரியை எடுத்துவிட்டு அந்தக் குச்சியைப் பற்றி எழுதுங்கள்.

கேள்வி: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைச் ‘செட்டிநாட்டு மருத்துவர்’ என்று எங்கள் மலரில் சேர்க்கலாமா?
– வாசகி, ராயவரம்

அவர் புதுக்கோட்டை நகரத்தில் 1886-இல் பிறந்தவர். ‘நம் சமஸ்தானத்தவர்’ என்று போடுங்கள். உங்கள் ஊரும் அப்போது அந்தச் சமஸ்தானம் என்பதால் அது முழு உண்மை. ஆண்டுகளை இப்படிக் கொடுக்கலாம்: 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி. அண்ட் சி.எம்.; பின்னர் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவர்; தங்கை புற்றுநோயில் இறந்ததிலிருந்து மனத்தில் இருந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் திறப்பு; 1968-இல் மறைவு. அவர் பிறந்த ஜூலை 30-ஐத் தமிழ்நாடு அரசு ‘மருத்துவமனை தினம்’ என்று கொண்டாடுகிறது. மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அவர் பெயரில்தான்.

கேள்வி: டாக்டரான எங்கள் அண்ணன் பர்மாவில் இருந்தவர். அங்கத்திய விவரம் எப்படித் தேடுவது?
– வாசகர், கண்டனூர்

1937 ஏப்ரல் 1-ஐக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம், பின் தனி நாடு. பதிவு விவரம் எந்த அரசின் ஏட்டில் இருக்கும் என்பது இதைப் பொறுத்தது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நடந்து வந்தவர்கள் சான்றிதழ்களைத் தொலைத்துவிட்டு, இங்கே வந்து மறுபடி பதிவு செய்திருப்பார்கள். ஆகவே சென்னைப் பதிவேட்டில் 1942-க்குப் பிந்தைய ஆண்டுகளையும் பாருங்கள். பதிவு ஆண்டைப் படித்து முடித்த ஆண்டு என்று எழுதிவிடக் கூடாது.

கேள்வி: முகப்பில் மாட்டியிருந்த டாக்டர் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுக்கலாமா?
– வாசகர், கடியாபட்டி

பிரிக்காதீர்கள். மழைக்கால ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். ஸ்கேன் என்றால் 600 டிபிஐ. கேமரா என்றால் ஃபிளாஷ் இல்லாமல் இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து எடுக்க வேண்டும். மற்ற படங்களுக்குச் செலோடேப்பும் லேமினேஷனும் வேண்டாம். பெயர் எழுதப் பின்பக்க ஓரத்தில் பென்சில் போதும். பால்பாயின்ட் பேனா அழுத்தி முன்பக்கம் தெரியும். மறுபடி சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்வெட்டில் என்ன எழுதுவது? எங்கே வைப்பது?
– ஊர்ப் பொது வாசகசாலையினர், நாச்சியாபுரம்

பெயர், தகுதி, பிறந்த–மறைந்த ஆண்டுகள், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எங்கே வைத்தியம் பார்த்தார் – இவை கட்டாயம். அதற்கு மேல் ஒரே ஒரு வரி, அவர் செய்த குறிப்பிட்ட வேலை பற்றி. நாற்பது சொல்லுக்கு மேல் போனால் எழுத்தின் அளவு சிறுத்துவிடும். 2 அடிக்கு 1½ அடி கருங்கல்லில் பெயர் ஓரங்குல உயரத்திலாவது இருக்கட்டும். மேலோட்டமாகச் செதுக்கிப் பெயின்ட் அடித்தால் வெயிலில் வெளுத்துப் படிக்க முடியாமல் போகும். ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். திறந்து வைத்தவர் பெயரைக் கடைசியில் சிறிய எழுத்தில் போடுங்கள். டாக்டர் பெயரை விட அது பெரிதாக இருக்கும் கற்கள் நிறைய உண்டு. வெட்டக் கொடுப்பதற்கு முன் ஆண்டுகளை இருவர் தனித்தனியே சரிபார்க்கட்டும், கல்லில் திருத்த முடியாது.

வளவுக்குள் (வீட்டு உள்முற்றத்துக்குள்) வைக்க வேண்டாம். வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். டிஸ்பென்சரி இருந்த கட்டடத்தின் தெருப்பக்கச் சுவரில், சொந்தக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, நிற்பவர் கண் மட்டத்தில் பதியுங்கள்.